‘இல்லை’ என்று எழுதிய பக்கம்

பஸ் கண்டக்டருக்குக் கால் வலித்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம். கை வலித்தால் இன்னொரு கையால் டிக்கெட் கிழிக்கலாம். நாக்கு போனால் வீட்டில்தான் உட்கார வேண்டும். எனக்குப் போனது நாக்கு. மலாக்கா டவுனில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். ஐந்து நாள் வாயைத் திறந்து பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நானே கெடுத்துக்கொண்டதால் அது எட்டு நாளானது. சேதி கேட்ட டிப்போக்காரர்கள் முதலில் சிரித்தார்களாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தெங்கேரா வழியாகத் தஞ்சோங் கிளிங் போகும் பஸ்ஸில் பதினாறு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறவன் நான். தூக்கத்தில்கூட ஸ்டாப் பெயர் சொல்வேன் என்பாள் என் மனைவி.

நாக்கு ஆறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வார்டில் என்னைப் பார்த்துக்கொண்ட மிஸி லெட்சுமி (நர்ஸை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம்), “அண்ணே, நீங்க பட்டத நாலு பேருக்கு எழுதிப் போடுங்க. எழுதி எழுதித்தான் கை பழகிருச்சே” என்று கிண்டலாகச் சொல்லி அனுப்பினாள். இவ்வளவு நாள் தள்ளிப் போட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் வந்து மனசு முட்டி நிற்கிறது. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு செங் என்ற ஊரில் சின்ன வீடு. மனைவி சரோஜாவுக்கு அங்கேயே எலெக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. ஒரே மகள் மாலதி, அப்போது பதினேழு வயது, பாரம் ஐந்து (பதினோராம் வகுப்பு மாதிரி) படித்துக்கொண்டிருந்தாள். நல்லாப் படிக்கிற பிள்ளை. ஆனால் முகத்தில் ரத்தமே இருக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். கிளினிக்கில் ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் கொஞ்சம் தேறுவாள், மறுபடி வெளுத்துப் போவாள். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டாவது தடவை விழுந்த அன்று, முருகா, என் பிள்ளைக்கு உடம்பைத் தேற்றிக் கொடு, நாக்கில் வேல் குத்திக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பிறந்த எஸ்டேட் கோயிலில்தான் காவடி. பங்குனி உத்திரத்துக்கு இருபத்தோரு நாள் விரதம். மச்சம் மாமிசம் கிடையாது, தரையில் படுக்கை, வீட்டில் வேறு சமையல் பாத்திரம். வீட்டுப் பெண்களுக்கு மாத நாள் வந்தால் விரதக்காரன் இருக்கிற வீட்டில் தங்க மாட்டார்கள். மாலதிக்கு ஆறாம் நாள் வந்துவிட்டது. அவள் பெரியம்மா வீடு சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறது. அங்கே அனுப்பி வைத்தோம். அதைக்கூட யாரும் என்னிடம் வாயால் சொல்லவில்லை. “பாப்பா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா” என்று சரோஜா சொன்னாள், நானும் சரி என்றேன். ஐந்து நாள் கழித்து வந்துவிட்டாள். அம்மா ஷிப்டுக்குப் போகும் நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டது அவள்தான்.

அலகு குத்துவது மணியம் அண்ணன். லோரி ஓட்டுகிறவர், எங்கள் எஸ்டேட்காரர். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்குக் குத்தியிருக்கிறார். விபூதியைத் தடவி ஒரே மூச்சில் ஏற்றிவிடுவார், ஒரு சொட்டு ரத்தம் வராது. வரவே வராது என்பதுதான் எங்கள் ஊரில் பேச்சு. விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது. அப்படியானால் ரத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு வந்தது. வெள்ளி வேல் நாக்கில் ஏறின உடனே ஒரு சொட்டு. அண்ணன் விபூதியை அள்ளி அப்பினார். நடக்க ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் தாடை நனைந்தது, பிறகு நெஞ்சு. மேளம் போட்டுக்கொண்டு எல்லாரும் வேல் வேல் என்றுதான் கத்தினார்கள், ஆனால் எனக்குப் பின்னால் ஒரு குரல், “வெரதம் சுத்தமில்ல போலருக்கு” என்றது காதில் விழுந்தது. திரும்பிக் கேட்கவும் முடியவில்லை. வாயில்தான் வேல் இருக்கிறதே. கோபத்தில் வேகமாக நடந்தேன்.

மத்தியானம் கோயிலில் நாக்கிலிருந்து வேலை எடுத்தார்கள். வாய் நிறைந்தது. விபூதி வைத்தார்கள், எலுமிச்சம்பழத்தைக் கடிக்கச் சொன்னார்கள், தண்ணீர் விற்கிறவனிடம் ஐஸ் கட்டி வாங்கி வைத்தார்கள். நிற்பது போல நிற்கும், பத்து நிமிஷத்தில் மறுபடி ஊறும். நானும் துப்பக் கூச்சப்பட்டு விழுங்கிக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்குக் கறுப்பாக வாந்தி எடுத்தேன். மணியம் அண்ணன் என்னைத் தூக்கித் தன் லோரியில் போட்டார். சரோஜா நடுவில் உட்கார்ந்து என் தாடைக்குக் கீழே துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாலதி, சிம்பாங் அம்பாட் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தாள். ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் அந்தத் துண்டைப் பிழிய வேண்டியிருந்தது. பயம் என்றால் அப்போது எனக்குப் பயமில்லை, வெட்கம்தான்.

எமர்ஜென்சியில் நாக்கில் இரண்டு தையல் போட்டார்கள். தையல் போட்ட ஓட்டையிலிருந்தும் கசிந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்னை மூன்றாவது மாடி வார்டில் சேர்த்தார்கள். எனக்கு அமைந்தது ஒரு சீன லேடி டாக்டர். சின்ன உருவம், என்னை மாதிரியே வேகமான நடை. மலாயில் பேசினார். முதல் உத்தரவு, ஐந்து நாள் பேசக் கூடாது, நாக்கை அசைக்கக் கூடாது, குளிர்ந்த கஞ்சி மட்டும். எதுவாக இருந்தாலும் எழுதிக் காட்டு என்றார். மாலதி கீழே கடையில் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள். நான் எழுதிய முதல் வரி, “எப்போது வீட்டுக்குப் போகலாம்?”

மறுநாள் காலையில் மிஸி லெட்சுமி ஒரு சின்ன டம்ளரில் மாத்திரையைத் தூளாக்கிக் கரைத்துக் கொண்டுவந்தாள். வாயில் இரண்டு நிமிஷம் வைத்திருந்து துப்ப வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவை. அதே மருந்து ஊசியாகவும் நரம்பில் போகும். “என்ன மருந்து?” என்று எழுதினேன். “டிரனெக்ஸாமிக் ஆசிட்” என்றாள்.

நான் டம்ளரைத் தள்ளிவிட்டேன். எஸ்டேட்டில் வளர்ந்தவனிடம் போய் ஆசிட் என்று சொன்னால்? ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவது அதுதான். என் அப்பா கையெல்லாம் அதனால் வெந்திருக்கும். மனசு வெறுத்துப் போனவர்கள் எடுத்துக் குடித்ததும் அதைத்தான். பால் உறைகிற மாதிரி என் ரத்தத்தையும் கட்டியாக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எழுத்து கோணிப் போகும் அளவுக்கு வேகமாக எழுதினேன்: “எனக்கு வேண்டாம். நான் ஷீட் ரப்பர் இல்லை.”

லெட்சுமி அதைப் படித்துவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளும் எஸ்டேட் பிள்ளைதான். “அண்ணே, அந்த ஆசிட் இல்லலா இது. ரத்தம் தானா ஒறையும். ஒறைஞ்சத கரைக்கிறதுக்கும் ஒடம்புலயே ஒரு ஆளு இருக்கு. வாயில எச்சில் வேற சேந்து சீக்கிரமா கரைச்சிரும். இந்த மருந்து எதையும் ஒறைய வைக்காது. கரைக்கிறவனப் புடிச்சி ஒக்கார வச்சிரும், அவ்வளவுதான்.” வாயில் வைத்தேன். கொஞ்சம் கசப்பு. இரண்டு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பதுதான் கசப்பைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கசிவு பாதியாகக் குறைந்தது.

உடம்பு ஓரிடத்தில் கிடந்தால் மனசு ஊர் சுற்றப் போய்விடுகிறது. என் மனசு ஒரே கேள்வியைச் சுற்றியது. யாரால் விரதம் கெட்டது? இப்போது எழுதும்போது அசிங்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் தெரிந்தது.

முதலில் வந்தது மணியம் அண்ணன். மத்தியானப் பார்வை நேரம். கையில் விபூதிப் பொட்டலம், ஒரு சீப்புப் பிசாங் மாஸ் பழம். நான் கஞ்சி மட்டும்தான் குடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“தம்பி, நாந்தான் ஒனக்குக் கெடுதல் பண்ணிட்டேன். முந்தின நாளு ஜொகூர்லேர்ந்து லோடு ஏத்திட்டு வந்தேனா, ஒடம்பு வலி தாங்கல. ஒரே ஒரு பீர். கிளாஸ்ல கூட இல்ல, டின்னுல. அந்தக் கையால ஒனக்குக் குத்திட்டேன்.”

அவ்வளவு பெரிய மனிதர் கண் கலங்கினார். “பரவாயில்லை அண்ணே” என்று எழுதிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். படித்து முடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாயங்காலம் சரோஜா பேக்டரி உடுப்போடேயே வந்தாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு, “என்னாங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. வெரதத்துல ஒரு நாளு பேக்டரி கெண்டின்ல நாசி லெமாக் சோறு வாங்கினேன். அதுல இக்கான் பிலிஸ் கெடந்துச்சி. எடுத்துப் போடணும்னுதான் பாத்தேன். பசி, தின்னுட்டேன். நாலஞ்சி நெத்திலிதான் இருக்கும்” என்று அழ ஆரம்பித்தாள்.

பீர் ஒரு பக்கம், நெத்திலி ஒரு பக்கம். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிலுக்குக் கொப்பியை இழுத்து எழுதினேன்: “வீட்டில் யாருக்கு முடியவில்லை? மறைக்காமல் சொல்.” வீட்டில் இரண்டே பெண்கள். அவளைப் பற்றி அவளுக்கே தெரியும். அப்படியானால் நான் கேட்டது யாரைப் பற்றி என்று சொல்ல வேண்டியதில்லை. சரோஜா தலையில் அடித்துக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவ நின்னப்புறம்தானே வந்தா” என்றாள். மாலதி ஜன்னல் பக்கம் நின்று என் தண்ணீர்ப் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். போத்தலை வைக்க வந்தபோது கொப்பி திறந்தே கிடந்தது.

நானும் சுத்தமில்லை. பன்னிரண்டாம் நாள் டிப்போவுக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட் குடித்தேன். முழு சிகரெட். அதை யாரிடமும் சொல்லவில்லை. கொப்பியிலும் எழுதவில்லை. ஊரிலிருக்கிற எல்லாரிடமும் கணக்குக் கேட்டவனுக்குத் தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பார்வை நேரத்திலேயே டாக்டர் வந்தார். தையல் போட்ட நாக்கு இப்படிக் கசியக் கூடாது, உன் ரத்தத்திலேயே ஏதோ குறை இருக்கலாம் என்றார். சின்ன வயசில் மூக்கில் ரத்தம் வந்ததா? வந்தது என்று எழுதினேன், உடம்புச் சூடு. பல் பிடுங்கினபோது? இரண்டு நாள் கசிந்தது, அதுவும் சூடுதான். டாக்டர் சூடு என்ற சொல்லை மிஸியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: குடும்பத்தில் வேறு யாருக்காவது ரத்தம் நிற்காமல் போகிற பழக்கம் உண்டா? அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள்?

நான் யோசிக்கவே இல்லை. மலாயில் பெரிய எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அவசரத்தில் போதாது என்று கீழே ஒரு கோடும் போட்டேன். மாலதி கட்டில் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.

நான்காம் நாள் மத்தியானம் என்னைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். மேல் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டி, முன்கையில் இரண்டு சின்னக் கீறல் போட்டார்கள். பூனை கீறினது போலத்தான். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு வட்டக் காகிதத்தை ஓரத்தில் வைத்து ஒற்றி எடுத்தார்கள். காகிதத்தில் சிவப்பு விழாதபோது நின்றுவிட்டது என்று அர்த்தம். சாதாரண ஆளுக்கு ஏழெட்டு நிமிஷத்தில் நிற்குமாம். எனக்குச் சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தது. பத்து நிமிஷம். பன்னிரண்டு. ஸ்டேஷனிலிருந்து பஸ் கிளம்பியிருந்தால் இந்நேரம் தெங்கேராவைத் தாண்டியிருக்கும். பதினைந்தாவது நிமிஷம் காகிதம் இன்னும் சிவந்தது. போதும் என்று துணி வைத்து அழுத்திக் கட்டிவிட்டார்கள். வேறு நான்கு குழாய் ரத்தம் எடுத்து, கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மூன்று வாரம் என்றதும் எனக்கு எழுந்து ஓடலாம் போல இருந்தது.

வார்டுக்குத் திரும்பியபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. பக்கத்துக் கட்டில் மலாய்ப் பெரியவர், “உன் மகள் வந்தாள், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுதினாள், இப்போதுதான் போனாள்” என்றார். தலையணைமேல் கொப்பி இருந்தது. புதுப் பக்கம். மாலதியின் சாய்ந்த கையெழுத்து.

“அப்பா, எனக்கு இன்னும் நிற்கவில்லை. இன்றோடு பதினெட்டு நாள். பெரியம்மா வீட்டிலிருந்து வரும்போதே நிற்கவில்லை. எல்லாருக்கும் ஐந்து நாளில் நின்றுவிடும், எனக்கு மட்டும் எப்போதும் நிற்பதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான்தான் உங்களுக்குச் சோறு போட்டேன். என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆனது. இனிமேல் நான் வந்தால் உங்களுக்கு ஆறாது. அதனால் வர மாட்டேன். பெரியம்மா வீட்டிலேயே இருக்கிறேன். அம்மாவைத் திட்டாதீர்கள், அம்மாவுக்குத் தெரியாது.”

பதினெட்டு நாள் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி, ஒரே நொடி, ஆகா பிடித்துவிட்டேன் என்று தோன்றியது. அடுத்த நொடி என் முன்கைக் கட்டு கண்ணில் பட்டது. வெள்ளைத் துணிக்குமேல் சிவப்பு ஊறி வந்திருந்தது. பதினைந்து நிமிஷம். பதினெட்டு நாள். படிப்பில்லாதவன்தான், ஆனால் இது தெரியாமல் போகிற அளவுக்கு மடையன் இல்லை. அந்த வெளுத்த முகம், அந்த மயக்கம், அந்த மூச்சு. என் பிள்ளை பதினெட்டு நாளாக ரத்தம் போய்க்கொண்டே பள்ளிக்கூடம் போய், எனக்குச் சோறு போட்டு, பஸ் ஏறி வந்து போத்தல் கழுவியிருக்கிறாள்.

மிஸி எங்கே என்று பார்த்தேன். வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். எழுதிக் காட்டி, புரிய வைத்து, போன் போட்டு... அதற்குள் பஸ் போய்விடும். பஸ் நேரம் எனக்குத் தெரியாதா? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். யாரோ மலாயில் கத்தினார்கள். மூன்று மாடி.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஸ்டாப். டவுன் ஸ்டேஷனுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்தான் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் பாக் மான், என்னோடு பல வருஷம் ஒரே வண்டியில் இருந்தவர். ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் நீலப் பினபோரும் போட்ட ஒரு பெண், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தாள். மறு காலைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. நடுவில் ரோடு, கார்கள். கையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை.

“மாலதி!”

நான்கு நாளில் முதல் வார்த்தை. பதினாறு வருஷம் கத்திப் பழகிய தொண்டை, சொல்லவா வேண்டும்? நாக்கில் தையல் பிய்ந்தது எனக்கே தெரிந்தது. வாயெல்லாம் சூடாக நிறைந்தது. மறுபடியும் கத்தினேன். அவள் திரும்பினாள். என் தாடையில் ரத்தத்தைப் பார்த்தாள். “அப்பா, வேணாம்பா” என்று அவள் உதடு அசைந்தது. படியிலிருந்து காலை எடுத்தவள் அப்படியே மடிந்து உட்கார்ந்து ரோட்டோரத்தில் சாய்ந்தாள்.

பாக் மான் இறங்கி ஓடி வந்தார். அவரும் இரண்டு பயணிகளும் அவளைத் தூக்கிப் பஸ்ஸில் கிடத்தினார்கள், என்னையும் இழுத்து ஏற்றினார்கள். ரோட்டை மறித்து வண்டியை வளைத்து, ஏழெட்டுப் பயணிகளோடு எமர்ஜென்சி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே பஸ் நிற்கக் கூடாது என்று காவல்காரர் ஓடி வந்தார். “வேறு எங்கே நிறுத்தச் சொல்கிறாய்?” என்று பாக் மான் மலாயில் போட்ட சத்தம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆரோக்கியமான பெண்ணுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு, மாலதிக்கு ஐந்துதான் இருந்தது. உடனே ரத்தம் ஏற்றினார்கள், எல்லாம் சேர்த்து மூன்று பை. எனக்குப் போன அதே மருந்து அவள் நரம்பிலும் போனது. எனக்குத் திரும்பவும் தையல், வாய் நிறையப் பஞ்சு, பேசாமலிருக்கும் நாளை முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் லேடி டாக்டர் கொப்பியோடு வந்தார். மாலதி எழுதினதை மிஸி லெட்சுமி அவருக்கு மலாயில் படித்துக் காட்டியிருந்தாள். டாக்டர் முந்தின பக்கத்தைத் திருப்பி, நான் கோடு போட்டு எழுதிய ‘இல்லை’யை விரலால் தொட்டார். “நான் கேட்டேனே, பாக்சிக்” என்றார். பாக்சிக் என்றால் பெரியப்பா, சித்தப்பா மாதிரி. மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் சுருக்கென்றது. “பெண்களுக்கு மாதம் வருவதும் ரத்தம்தான். அது நிற்காமல் போனால் அதுவும் வியாதிதான். பிள்ளைகளைப் பற்றியும்தானே கேட்டேன்?”

எனக்குத் தெரியாது என்று எழுதப் போனேன். தெரியாமல் இல்லை. பெரியம்மா வீட்டுக்கு ஏன் போனாள் என்று தெரியும். மாதாமாதம் போகிறது என்று தெரியும். அதை ரத்தம் என்ற கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. அதைத் தீட்டு என்ற கணக்கில்தான் வைத்திருந்தேன். அந்த ‘இல்லை’யை அடித்தேன். கீழே “மகள்” என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் எழுதினேன்: “என் அம்மா. எனக்கு ஆறு வயசு. பிள்ளைப்பேற்றில்.” எஸ்டேட் லயத்தில் அம்மா படுத்த, ரத்தம் ஊறின பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் எரித்தது ஞாபகம் இருக்கிறது. பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்தாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஏன் போனாள் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

டாக்டர் அதே பக்கத்தில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டுக் கோடு இழுத்தார். மேலே அம்மாவுக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே என் சதுரம், அதற்குக் கீழே மாலதி. மூன்றையும் பேனாவால் கறுப்பாக்கி, ஒரே ரத்தக் குறை வழிவழியாக வந்திருக்க வேண்டும் என்றார். எனக்கு அழுகை வந்தது. வாயில் பஞ்சோடு அழுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் மிஸி என்னைத் தள்ளுவண்டியில் வைத்துப் பெண்கள் வார்டுக்குக் கூட்டிப் போனாள். “ஓடிராதீங்க, இப்ப நாந்தான் டிரைவர்” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். சரோஜா இரண்டு வார்டுக்கும் நடுவில் மாடி ஏறி இறங்கிக் களைத்துப்போய், மாலதியின் கால்மாட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாலதி விழித்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. நான் கிட்டே போனதும் போர்வையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். என் அருகில் வரக் கூடாது என்று அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நகர்தலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொப்பியில் எழுதினேன்: “உன்னால் எனக்கு வரவில்லை. என்னால்தான் உனக்கு வந்தது. எனக்கு என் அம்மா கொடுத்தது. மூன்று பேருக்கும் ஒரே ரத்தம்.”

இரண்டு தடவை படித்தாள். “அப்ப வெரதம் கெடலியாப்பா?”

கெடவில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதனால் மற்றதையும் எழுதினேன்: “கெட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு சிகரெட் குடித்தேன். மணியம் பெரியப்பா ஒரு டின் பீர். அம்மா ஐந்து நெத்திலி. இந்த வீட்டில் ஒரு தப்பும் செய்யாதவள் நீ ஒருத்திதான்.”

மாலதி கொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டுச் சரோஜா விழித்து, என்ன ஏது என்று கொப்பியைப் பிடுங்கிப் படித்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பேச முடியாத மனிதனைத் திட்டுவது எவ்வளவு வசதி என்று அன்றைக்கு அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. நீளமான வெள்ளைக்காரப் பெயர், எனக்கு இன்றும் வாயில் வராது. ரத்தத்தில் ஒட்டுவதற்கு ஒரு பசை மாதிரிப் பொருள் இருக்கிறது, அது எங்களுக்குக் கொஞ்சம் குறைவு. சாகிற வியாதி இல்லை, மறைத்தால்தான் ஆபத்து. இதை முற்றாகப் போக்க மருந்து இல்லை. மாலதிக்கு மாத நாள் ஆரம்பித்த அன்றே அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும், டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும் சாப்பிட வேண்டும். கால் வீங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொன்னார்கள். ஆஸ்பிரின் கலந்த தலைவலி மாத்திரையைத் தொடக் கூடாது. பல் பிடுங்குவதற்கு முன்னால் காட்ட இரண்டு பேருக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். நான் அதைக் கண்டக்டர் லைசென்சோடு வைத்திருக்கிறேன். போன வருஷப் பரீட்சையை மாலதி மயங்காமல் எழுதினாள்.

மணியம் அண்ணன் இப்போது யாருக்கு அலகு குத்துவதானாலும் முதலில், “பல்லு புடுங்குனப்ப ரத்தம் நின்னிச்சா? வீட்டுப் பொம்பளைங்களுக்கு எப்படி?” என்று கேட்கிறார். சில பேர் முறைக்கிறார்கள். அவர் விடுவதில்லை.

எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதம் பழைய பழக்கம்தான். சரோஜா ஜாடை காட்டுவாள், மாலதி தலையைக் குனிவாள், மாத்திரை எடுத்தாளா இல்லையா என்று தெரியாமல் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். நான்காவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டருகில் நின்று, ஸ்டாப் பெயர் சொல்கிற குரலிலேயே கேட்டுவிட்டேன்.

“மாலதி! வந்திருச்சா? மாத்திர போட்டியா?”

எதிர்வீட்டுச் சீனக் கிழவர்கூட நிமிர்ந்து பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழுகிற சத்தம்.

“அப்பா! மெதுவா லா! ரோடு முழுக்கக் கேக்குது!”

“கேக்கட்டும். போட்டியா இல்லியா?”

பிறகு, என் மகள்தானே, அதே அளவு குரலில் உள்ளேயிருந்து பதில் வந்தது.

“போட்டுட்டேன்!”